முதல் கிரெடிட் கார்டு: எதைப் பார்த்து எடுப்பது?

9 ஜனவரி 2025. கேள்வி, திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

"பின்னலாடை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. கைக்கு வருவது 32,000 ரூபாய். வணிக வளாகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் 'வாழ்நாள் முழுக்க இலவசம்' என்று ஒரு கிரெடிட் கார்டைக் காட்டினார்கள். அலுவலக நண்பர்களோ, செலவுக்கு அதிக வெகுமதிப் புள்ளி தருகிற கார்டுதான் நல்ல கார்டு, ஆண்டுக் கட்டணம் கட்டினாலும் புள்ளியில் திரும்ப வந்துவிடும் என்கிறார்கள். எதை எடுப்பது?"

9 ஜனவரி, இரவு

இரண்டு பேச்சையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், தம்பி. ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கடைக்காரர்களின் கார்டு பில்கள் மாதம் தவறாமல் என் மேசைக்கு வருகின்றன. புள்ளி சேர்த்து நிமிர்ந்தவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒரு பில்லைத் தவறவிட்டு, அதிலிருந்து மீள ஓராண்டு திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நண்பர்கள் சொல்லும் புள்ளிக் கணக்கைப் போட்டே பார்ப்போம். 100 ரூபாய் செலவுக்கு 4 புள்ளி, ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு என்றால் கிடைப்பது 1 சதவீதம். உங்கள் சம்பளத்தில் வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் போக கார்டில் 12,000 ரூபாய் செலவு செய்தால் மாதம் 120 ரூபாய், ஆண்டுக்கு 1,440 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 589. மிச்சம் 851 ரூபாய். பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகளில் புள்ளி கிடையாது என்பதையும் சேர்த்தால் இதிலும் பாதி போய்விடும். இதற்காகவா இத்தனை ஒப்பீட்டுக் காணொளிகள்?

ஏதாவது சிக்கல் வந்தால் இந்த வங்கி என்னிடம் எப்படி நடந்துகொள்ளும்? கார்டு எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

10 ஜனவரி

அதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். விண்ணப்பிக்கும் முன் அந்த வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்து, "கார்டை மூடுவதென்றால் எப்படி?" என்று கேட்பேன். மனிதக் குரல் கிடைக்க எவ்வளவு நேரமாகிறது, தமிழில் பேசுபவர் கிடைக்கிறாரா, கேள்விக்கு நேராகப் பதில் வருகிறதா என்று பார்ப்பேன். பிறகு அவர்கள் இணையதளத்தில் கார்டை மூடும் இணைப்பைத் தேடுவேன். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கார்டு நெறிமுறைகளின்படி அந்த இணைப்பு பளிச்சென்று தெரியும்படி இருக்க வேண்டும். தேடித் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய நிலை என்றால் அந்த வங்கியின் குணம் தெரிந்துவிட்டது.

மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வெயிலில் நிற்கிற பிள்ளைகள், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். ஆனால் அவர் வாயால் சொல்வது எதுவும் நாளை செல்லாது. கட்டணம், வட்டி, நிபந்தனைகளை ஒரே பக்கத்தில் அடக்கிய சுருக்கத் தாளை விண்ணப்பத்தோடு தர வேண்டும் என்பது விதி. அந்தத் தாளைக் கேளுங்கள். 'வாழ்நாள் முழுக்க' என்ற சொல் அதில் இருக்கிறதா, அல்லது 'முதல் ஆண்டுக் கட்டணம் இல்லை' என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

10 ஜனவரி, மாலை

சேலத்திலிருந்து ஒருவர்: "மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டால் போதும்தானே? வங்கியே அப்படித்தானே போடுகிறது?"

போதாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஜூன் 10 அன்று 30,000 ரூபாய்க்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறீர்கள். ஜூலை 5 பில் வருகிறது. ஜூலை 25 கெடு. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 1,500 ரூபாய். அதைக் கெடுவுக்குள் கட்டிவிட்டீர்கள். தாமதக் கட்டணம் இல்லை, தொலைபேசி அழைப்பும் இல்லை. எல்லாம் நல்லபடியாக நடப்பதாகவே தோன்றும்.

ஆகஸ்ட் 5 அன்று அடுத்த பில். முழுத் தொகையைக் கட்டாததால் வட்டியில்லாக் காலம் ரத்தாகிவிட்டது. மிச்சமுள்ள 28,500 ரூபாய்க்குப் பொருள் வாங்கிய ஜூன் 10 முதலே வட்டி ஓடியிருக்கிறது, 56 நாள்கள். மாத வட்டி 3.75 சதவீதம், ஆண்டுக்கு 45. வட்டி மட்டும் 1,968 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி 354. ஆக மொத்தம் 2,322. புதிய பில் 30,822 ரூபாய். 1,500 ரூபாய் கட்டியும் கடன் 822 ரூபாய் கூடியிருக்கிறது. இடையில் வாங்கிய மளிகைக்கும் மருந்துக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி உண்டு.

நேற்று போட்ட புள்ளிக் கணக்கில் ஆண்டு முழுவதும் மிஞ்சியது 851 ரூபாய். இந்த ஒரு பில்லில் போனது 2,322 ரூபாய்.

நீதிமன்றம் இந்த வட்டியைக் கட்டுப்படுத்தியிருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. பழைய தீர்ப்பை நம்பி இருக்காதீர்கள்.

13 ஜனவரி

பொங்கல் வேலைக்கு நடுவே ஒன்று. கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் 'கெடு தாண்டியவர்' என்று அனுப்பலாம் என்ற விதியை ஒருவர் இங்கே எடுத்துப் போட்டிருக்கிறார். சரியான தகவல்தான். அதை 'மூன்று நாள் சலுகை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்காம் நாள் வந்தால் தாமதத்தைப் பழைய கெடு தேதியிலிருந்தே எண்ணுவார்கள். கட்டாமல் நின்ற தொகைக்குத்தான் தாமதக் கட்டணம் கணக்கிட வேண்டும், மொத்த பில்லுக்கு அல்ல என்பதும் அதே ரிசர்வ் வங்கி நெறிமுறையில் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பில்லில் சரிபாருங்கள்.

18 ஜனவரி

மதுரையிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: நல்ல சம்பளம், கடன் எதுவும் இல்லை, ஆனாலும் தொடர்ந்து விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, காரணம் சொல்ல மறுக்கிறார்கள்.

காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அக்கா. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டியது வங்கியின் கடமை. என் அனுபவத்தில், நம் பக்கத்து ஆள்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது இனிஷியலை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பாவின் முழுப் பெயரும் ஏறியிருக்கும். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. வங்கிக் கணக்கில் அதே எழுத்து முன்னால். சம்பளச் சீட்டில் இனிஷியலே இல்லை. கணினிக்கு இந்த நால்வரும் வேறு வேறு ஆள்கள். திருமணத்துக்குப் பிறகு எங்காவது ஓரிடத்தில் கணவர் பெயரின் எழுத்தும் சேர்ந்திருந்தால் ஐந்தாவதாக ஓர் ஆள் வந்துவிடுவார்.

இன்னொரு கோணமும் உண்டு. எஸ். குமார், ஆர். லட்சுமி மாதிரிப் பெயர்களில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். வேறொருவரின் கட்டப்படாத கடன், கடன் தகவல் நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் அறிக்கையில் வந்து ஒட்டிக்கொள்வது நடக்கிறது. எங்கள் பகுதியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவருக்கு, அவர் வாழ்நாளில் வாங்காத ஒரு டிராக்டர் கடன் அறிக்கையில் இருந்தது. பிறந்த தேதிகூட வேறு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள். தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

அதைச் சரிசெய்யும்வரை மறுபடி மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகும். அடுத்த வங்கி அதைப் பார்த்து இன்னும் தயங்கும்.

19 ஜனவரி

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு: வைப்புத்தொகைமேல் தரும் கார்டு. என் சித்தி மகள் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். வருமானத்துக்குத் தாள் எதுவும் இல்லை. வங்கியில் ஒரு சிறிய வைப்புத்தொகை போட்டு அதன் ஈட்டில் கார்டு எடுத்தாள். வைப்புக்கு வட்டி பாட்டுக்கு வருகிறது, கார்டில் மாதாமாதம் நூலும் ஊக்கும் வாங்கி முழுத் தொகையைக் கட்டுகிறாள், அவள் பெயரில் கடன் வரலாறு சேர்கிறது. முதல் கார்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. திருப்பூர்த் தம்பிக்கும் இதையே முதலில் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது யோசிக்கிறேன். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்டுப் பார்த்துவிட்டு, நிபந்தனை பிடிக்கவில்லை என்றால் இந்த வழிக்கு வாருங்கள்.

25 ஜனவரி

கார்டை மூடுவது பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. வங்கியின் பெயர் வேண்டாம்.

பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லாத கார்டு. மூடச் சொல்லித் தொலைபேசியில் கேட்டேன். ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்றார்கள், கடன் வரம்பைக் கூட்டுகிறோம் என்றார்கள், 'சரி சார், கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டேன்' என்றார்கள். பதிவு எண் தரவில்லை. கார்டும் மூடப்படவில்லை. அடுத்த முறை மின்னஞ்சலில் எழுதினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"கடைசி நான்கு எண்கள் இன்னவையான என் கார்டை மூடக் கோருகிறேன். பாக்கி எதுவும் இல்லை. கடைசி பில் இணைத்துள்ளேன். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு கார்டு நெறிமுறைகளின்படி ஏழு வேலை நாள்களுக்குள் மூடி உறுதிப்படுத்த வேண்டும். தவறினால், மூடப்படும்வரை ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அபராதத்தை என் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவும்."

மன்றாட்டும் திட்டும் இல்லை. கெடு கடந்தபின் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே, கடந்த நாள்களைக் குறித்து ஒரு வரி. கார்டு மூடப்பட்டது, அபராதப் பணமும் வந்தது. தொலைபேசியில் கெஞ்சியபோது நகராத வேலை எழுத்தில் நகர்ந்தது.

தபாலில் கடிதம் அனுப்பு, கிளைக்கு நேரில் வா என்று வற்புறுத்தினால் அதற்கு இடமில்லை. உதவி எண், தனி மின்னஞ்சல், இணையதளம், செயலி என்று பல வழிகளைத் திறந்து வைக்க வேண்டும் என்றும், தாமதமாகும் தபால் வழியை வற்புறுத்தக் கூடாது என்றும் நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. மூடும் முன் மீதமுள்ள புள்ளிகளைப் பயன்படுத்திவிடுங்கள், அந்தக் கார்டில் ஓடும் தானியங்கிக் கட்டணங்களை வேறு கார்டுக்கு மாற்றிவிடுங்கள்.

27 ஜனவரி

வங்கி அசையாவிட்டால்? புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் எல்லா வங்கிகளுக்கும் ஒரே திட்டம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்தில் பதியலாம். எப்படிச் செய்வது என்று கேட்க 14448. வங்கிக்கு முதலில் எழுதிய புகாரின் நகல் கட்டாயம் வேண்டும். அதனால்தான் எழுத்தில் இருக்கட்டும் என்று நச்சரிக்கிறேன். பலர் வங்கிக்கு எழுதாமல் நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போய், விண்ணப்பம் திரும்பி வந்ததும் சோர்ந்துவிடுகிறார்கள்.

2 பிப்ரவரி

25ஆம் தேதிக் குறிப்பைப் படித்த நாமக்கல்காரர் ஒருவர், பயன்படுத்தாத கார்டு மூன்றையும் ஒரே மூச்சில் மூடப்போவதாக எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். அவற்றில் பழைய கார்டு எது? அதற்கு ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் அதை மட்டும் வைத்திருங்கள். கடன் வரலாற்றின் வயதும், மொத்த வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்ற விகிதமும் உங்கள் கடன் மதிப்பெண்ணில் சேரும். மூன்று கார்டில் 3 லட்சம் வரம்பு இருந்து 30,000 பயன்படுத்தினால் 10 சதவீதம். வரம்பு 60,000 ஆகச் சுருங்கினால் அதே செலவு 50 சதவீதம். வீட்டுக் கடன் வாங்க நினைக்கிறவர்கள் அதற்கு முந்தைய மாதங்களில் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது.

வைத்திருக்கும் கார்டைச் சும்மா போட்டுவிடவும் கூடாது. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டுக்கு வங்கி தகவல் அனுப்பி, 30 நாளில் பதில் இல்லாவிட்டால் மூடிவிடலாம். எப்போதாவது ஒரு கைபேசி ரீசார்ஜ் போடுங்கள்.

8 பிப்ரவரி

என் மைத்துனர் கார்டில் மாதாமாதம் ஒரு சிறு தொகை போய்க்கொண்டிருந்தது. பில்லில் பெயர் சுருக்கெழுத்தில் இருந்ததால் ஏதோ வரி என்று நினைத்திருந்தார். பொங்கலுக்கு வந்தபோது பில்லை வாங்கிப் பார்த்தேன். காப்பீட்டுத் தவணை. அவர் கேட்கவே இல்லை. எப்போதோ வந்த அழைப்பில் 'ஆமாம் சார், சரி சார்' என்று சொல்லியிருப்பார் போல.

காப்பீட்டுக்கு வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் எழுத்திலோ மின்னணு வழியிலோ இருக்க வேண்டும். சம்மதத்தின் பதிவைக் காட்டுங்கள் என்று மின்னஞ்சல் போகச் செய்தோம். காட்ட முடியவில்லை. பிடித்தது முழுவதும் திரும்பி வந்தது. கேட்காமலே ஒரு கார்டை அனுப்பிக் கட்டணம் போட்டால் இன்னும் கடுமை: போட்டதை ரத்து செய்வதோடு அதைப்போல் இரு மடங்கு அபராதம் தர வேண்டும்.

கார்டு விற்கும் அழைப்புகள் காலை 10 முதல் மாலை 7 மணிக்குள்தான் வரலாம். இரவு எட்டு மணிக்கு வந்தால் எண்ணையும் நேரத்தையும் குறித்துப் புகார் செய்யுங்கள். 'வேண்டாம்' என்று வைத்துவிடுவதோடு நிறுத்தாதீர்கள்.

13 பிப்ரவரி

கோட்டக் மகிந்திரா வங்கி புதிய கார்டு வழங்க ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 24 அன்று விதித்த தடையை நேற்று நீக்கியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பக் குறைபாடுகளுக்காக விதித்த தடை. 2020 டிசம்பரில் எச்டிஎப்சி வங்கிக்கும் இப்படி ஒரு தடை வந்து, 2021 ஆகஸ்டில் நீங்கியது. 2021இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு மூன்றுக்கும், பரிவர்த்தனைத் தரவை இந்தியாவில் சேமிக்கவில்லை என்று புதிய வாடிக்கையாளர் சேர்க்கத் தடை இருந்தது. சிட்டி வங்கி கார்டு வைத்திருந்தவர்கள் ஒரு நாள் எழுந்து பார்த்தால் ஆக்சிஸ் வங்கி வாடிக்கையாளர்கள். அந்த வணிகம் 2023 மார்ச் 1 அன்று கைமாறியது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெரிய பெயர் என்பதற்காக மட்டும் கார்டு எடுக்காதீர்கள். நிபந்தனை மாறும், வங்கியே மாறும். மாற்றத்தால் கட்டணம் கூடினால் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். பிடிக்கவில்லையென்றால் பாக்கியைக் கட்டிவிட்டுக் கூடுதல் கட்டணம் இல்லாமல் வெளியேறலாம். அந்த அறிவிப்பு விளம்பர மின்னஞ்சல் மாதிரியே வரும். திறந்து படியுங்கள்.

20 பிப்ரவரி

திண்டுக்கல்லிலிருந்து ஒரு பதற்றமான கேள்வி: தான் செய்யாத பரிவர்த்தனை கார்டில் வந்திருக்கிறது, ஓடிபி எதுவும் யாருக்கும் சொல்லவில்லை, அடுத்த வாரம் கிளைக்குப் போய்க் கேட்கலாமா?

இந்த நிமிடமே செய்யுங்கள், ஐயா. கார்டை முடக்குங்கள், வங்கியில் புகார் பதிந்து எண் வாங்குங்கள், 1930இல் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடி என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பே கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால், 5 லட்சம் வரை வரம்புள்ள கார்டுக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் வங்கியின் கொள்கை என்னவோ அதுதான். தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகத் திருப்பி வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் நிலைமை வேறு. அப்போதும் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது, எனவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

மற்றவர்கள் இன்றே செய்ய வேண்டியது: செயலியைத் திறந்து வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம்.

20 பிப்ரவரி, இரவு

திண்டுக்கல் ஐயா புகார் எண் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது.

1 மார்ச்

விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நம் நாட்டுக் கார்டு நெட்வொர்க்கான ரூபே பற்றிக் கேட்டவர்களுக்கு. 2022 செப்டம்பர் முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்கலாம். தெருமுனைக் காய்கறிக் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்து கார்டிலிருந்தே கொடுக்கலாம். ஆள்களுக்கு அனுப்ப முடியாது, கடைகளுக்கு மட்டும். 2024 செப்டம்பர் 6 முதல், 10 லட்சம் கார்டுகளுக்கு மேல் வழங்கியிருக்கும் நிறுவனங்கள் எந்த நெட்வொர்க் வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். சொந்த நெட்வொர்க்கில் வழங்குபவர்களுக்கு விலக்கு. ஆகவே கேட்டு வாங்குங்கள்.

கணக்கு எழுதுகிறவனாக எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. கையில் காசு எண்ணிக் கொடுத்தபோது தெரிந்த செலவு, டீயும் வடையும் கார்டில் போகும்போது தெரிவதில்லை. எங்கள் கடைப் பையன் ஒருவனின் பில்லில் பத்து ரூபாய், இருபது ரூபாய் வரிகளாகவே மூன்று பக்கம் ஓடியது. மொத்தத்தைப் பார்த்து அவனே மலைத்துவிட்டான். முதல் கார்டுக்கு முதல் சில மாதம் யுபிஐயில் இணைக்காமல் இருங்கள். செலவு கைக்கு அடங்கிய பிறகு இணைக்கலாம்.

2 மார்ச்

இதற்கு ஓர் எதிர்ப்பு வந்திருக்கிறது, நியாயமான எதிர்ப்பு. காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அம்மா எழுதுகிறார்: காலையில் சந்தையில் யுபிஐ வழியே கார்டில் சரக்கு எடுத்து, விற்ற பணத்தில் கெடுவுக்குள் கட்டிவிடுகிறாராம். தண்டல்காரரிடம் நூற்றுக்குப் பத்து கழித்துக்கொண்டு வாங்கிய காலம் போய்விட்டது என்கிறார். அவருக்கு இது பெரிய விடுதலைதான். என் குறிப்பு சம்பளக்காரர்களின் டீச் செலவுக்கு. நாள் வியாபாரம் செய்பவர்களுக்கு இந்த அம்மா சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

9 மார்ச்

நாகர்கோவிலிலிருந்து சிங்கப்பூர் போகும், அங்கே கார்டைப் பயன்படுத்துவது பற்றிக் கேட்ட தம்பிக்குச் சுருக்கமாக: பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். கட்டணத் தாளில் பாருங்கள். கடையில் 'ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரிலா' என்று இயந்திரம் கேட்டால் சிங்கப்பூர் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி.

15 மார்ச்

திருப்பூர்த் தம்பி, சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கட்டணமில்லாத ரூபே கார்டு வாங்கிவிட்டார். சுருக்கத் தாளை வாங்கிப் படித்த பிறகுதான் கையெழுத்து. இப்போது அவர் கேட்பது: சம்பளம் 7ஆம் தேதி வருகிறது, கார்டு கெடுவோ மாதம் 2ஆம் தேதி. கையில் காசு வற்றியிருக்கும் நேரத்தில் பில் வந்து நிற்கிறது.

பில் தேதியை மாற்றக் கேளுங்கள். குறைந்தது ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று 2024 மார்ச்சில் நெறிமுறையைத் திருத்தியிருக்கிறார்கள். உதவி எண்ணிலோ செயலியிலோ கேட்கலாம். பில் 20ஆம் தேதி என்று வைத்தால் கெடு அடுத்த மாதம் 9 அல்லது 10இல் விழும், சம்பளம் வந்து இரண்டு மூன்று நாளில் கட்டிவிடலாம். மாற்றும் மாதத்தில் பில் காலம் வழக்கத்தைவிட நீளமாகவோ குறைவாகவோ வரும். அந்த ஒரு பில்லில் மட்டும் கெடு தேதியைக் கண்ணால் பார்த்துக் கட்டுங்கள்.

பிறகு சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும் வசதியைப் போடுங்கள். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும், 'குறைந்தபட்சத் தொகை', 'முழுத் தொகை'. இரண்டாவதில் குறியிட்டிருக்கிறதா என்று சமர்ப்பிக்கும் முன் இன்னொரு முறை பாருங்கள்.